மலைக்கு வேறு எண்

இடது கை டர்போவின் ரப்பர் குழாயைப் பிடித்திருக்கிறது. வலது கை, ஆக்சிலேட்டரை இன்னும் மிதிக்கச் சொல்லி வண்டிக்காரருக்குச் சைகை காட்டுகிறது. "மிதி. மிதிங்கிறேன்ல, எறும்பையா நசுக்குற?" குழாய் விரல்களுக்குள் உப்பி இறுகுவதை வைத்தே கிறிஸ்துராஜ் பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவார். மீதியை லேப்டாப் சொல்லும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தீக்காயத் தழும்புகள். கை சுட்டால் குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் காட்டுவார். உடம்பு விஷயத்தில் அவர் சரியாகச் செய்வது அது ஒன்றுதான். அந்தப் பத்து நிமிடமும் யாரையாவது திட்டிக்கொண்டுதான் நிற்பார்.

திண்டுக்கல் வத்தலக்குண்டு சாலையில் அவருடைய தகரக் கொட்டகை இருக்கிறது. தொண்ணூறுகளில் லாரி டீசல் பம்ப் ரிப்பேர் பார்த்தார். கம்ப்யூட்டர் வைத்த டீசல் வண்டிகள் வந்ததும், கோயம்புத்தூரில் ஒரு பழைய லேப்டாப்பும் கேபிளும் வாங்கித் தானாகவே கற்றுக்கொண்டார். "பிக்கப் பத்தலண்ணே" என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்குக் காது சிவந்துவிடும்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அடித்து நிரப்பும் சக்கரம். எவ்வளவு நிரப்பலாம் என்பதற்குக் கம்ப்யூட்டரில் ஓர் எல்லை எண் உண்டு. காற்று அதைத் தாண்டினால் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்கு இறக்கிவிடும். அந்த எண், பெயரில்லாத ஆயிரக்கணக்கான எண்களுக்கு நடுவில் எங்கோ கிடக்கும். கிறிஸ்துராஜ் குழாயில் ஒரு மீட்டரைச் செருகி வண்டியை விரட்டுவார். எந்த அழுத்தத்தில் தடுக்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு வந்து, லேப்டாப்பில் அதே எண்ணைத் தேடுவார். கிடைத்ததும் கொஞ்சம் ஏற்றுவார், மறுபடி ஓட்டுவார். ஒரு வண்டிக்கு இரண்டு நாள் ஆகும். முடிவான எண்ணைப் பானெட்டின் உட்புறம் வெள்ளைப் பெயிண்டால் எழுதி, பக்கத்தில் 'தரை' என்றோ 'மலை' என்றோ சேர்ப்பார்.

மலையில் ஏற ஏறக் காற்று இளைக்கும். அதே அளவை நிரப்ப டர்போ உயிரைக் கொடுத்துச் சுற்ற வேண்டும். அதனால் மலை வண்டிக்கு, ஐந்து உயரங்களுக்கு ஐந்து எண் வைத்து நிரப்பும் அளவைப் படிப்படியாக இறக்குவார். அந்த ஐந்தையும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம், "நீயும் அஞ்சு டர்போவ ஒடச்சுக் கத்துக்க" என்பார்.

2008 ஐப்பசியில் ஒரு மதியம், சிறுமலை சோலைமுத்து தன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாழையும் மிளகும் ஏற்றி இறக்கும் வண்டி. அவருடைய மகள் தீபாவுக்கு நிறைமாதம். வெள்ளிக்கிழமைக்குள் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் பொறுக்க முடியாமல், அவர் முன்பே பைபாஸில் செழியனிடம் போய் அரை மணியில் பிக்கப் ஏற்றும் வேலையை முடித்திருந்தார். செழியன் கிறிஸ்துராஜிடம் வேலை பார்த்துவிட்டுப் பிரிந்து போனவர். போகும்போது அவர் வண்டிகளுக்குப் போட்ட எண்கள் அடங்கிய சில ஃபைல்களையும் பென்டிரைவில் கொண்டுபோனார். மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

தரையில் ஜீப் பறந்ததாம். மலை ஏறும்போது பதினான்காவது வளைவில் எச்சரிக்கை விளக்கு எரிந்து முடங்கிவிட்டதாம். விளக்கு வராமல் செழியன் சரி பண்ணிக் கொடுத்தாராம். இப்போது விசில் சத்தம் வருகிறதாம்.

கிறிஸ்துராஜ் கேபிளைச் செருகினார். எல்லை எண் 2250 இருக்க வேண்டிய இடத்தில், எப்போதும் தடுக்காதபடி 3000 இருந்தது. அவர் திட்டவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் பயப்பட வேண்டியது அப்போதுதான்.

"காவல் நாய் கொரைக்குதுன்னு வாயக் கட்டிட்டு, திருடனே வரலன்னு தூங்குறியா?"

"புள்ளய வெரசா கீழ கொண்டாரணும்ல அண்ணே. அதுக்குத்தான் பிக்கப்..."

"கீழ எறங்கவாலே பிக்கப்? மூட்டைய உருட்டிவிட்டாக்கூட எறங்கிரும். டர்போ ஒடஞ்சா எஞ்சின் தன் ஆயிலையே குடிச்சுட்டு ஓடும். சாவியத் திருப்புனாலும் நிக்காது. வளவுல நீ எதப் புடிப்ப? புள்ளயவா, ஸ்டியரிங்கையா?"

கிறிஸ்துராஜ் குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்த்தார். லேசான ஆட்டம், சுற்றிலும் ஆயில் ஈரம். சக்கரத்தின் இறக்கைகள் இன்னும் கூட்டில் உரசியிருக்கவில்லை.

பிறகு மற்ற எண்களைப் பார்த்தார். உயரத்துக்கு ஒன்றாக ஐந்து எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே எண் ஐந்து முறை இருந்தது. அடுத்த வரியிலும் அதற்கடுத்த வரியிலும் இருந்தது அவருடைய கைவேலை. ஒட்டன்சத்திரம் காய்கறி வண்டி ஒன்றுக்கு அவரே செய்த ஃபைல் அது. அந்த வண்டி மலையே ஏறாது என்பதால் ஐந்தையும் ஒன்றாக விட்டிருந்தார். 'தரை' என்று பானெட்டில் எழுதியவர், ஃபைலில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

கையிலிருந்த ஸ்பானர் தகரத்தில் போய் விழுந்தது. செழியனைத் திட்டினார், சோலைமுத்துவைத் திட்டினார். கடைசியில் லேப்டாப் திரையைப் பார்த்து, "திருட்டுப் பய எடுத்துட்டுப் போவான்னு தெரியும்ல. எழுதி வச்சா ஒன் கையா தேஞ்சிரும்?" என்றார். அது அவருக்கே சொன்னது.

சாயங்காலத்துக்குள் எல்லையை மறுபடி 2250 ஆக்கி, ஐந்து எண்களையும் ஏற்றினார். மறுநாள் காலை மடியில் லேப்டாப்போடு சோலைமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்து, பதினெட்டு வளைவும் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏறினார். வண்டி கொஞ்சம் சோம்பலாக இருப்பதாகச் சோலைமுத்து சொன்னதற்கு, இறங்கித் தள்ளச் சொன்னார்.

மேலே தீபா பையோடு நின்றிருந்தாள். இரண்டு பாதமும் வீங்கிச் செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு இருந்தாள். கிறிஸ்துராஜ் அந்தக் கால்களைப் பார்த்தார். பானெட்டைத் தூக்கி 'மலை' என்று எழுதினார். பெயிண்ட் காயக்கூட விடவில்லை, கிளம்பச் சொன்னார். இறங்கும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். செழியனிடம் இந்த வேலை செய்துகொண்ட ஜீப்புகள் மலையில் எத்தனை?

"நாலு இருக்கும்ண்ணே."

அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினார். "நீ போ. எங்கயும் நிக்காத." ஜீப் விசில் இல்லாமல் போவதைக் கேட்டுவிட்டு, செல்போனை எடுத்து, மூன்று வருடமாகக் கூப்பிடாத எண்ணைப் பார்க்காமலே அழுத்தினார்.

"பேனா இருக்கா? எழுதுலே. அஞ்சு எண்ணு." ஒவ்வொன்றையும் சொல்லி, நடுநடுவே திட்டி, ஐந்தையும் முடித்தார். "திருப்பிச் சொல்லு." அந்தப் பக்கம் எங்கோ ஓர் எண் பிசகியிருக்க வேண்டும். கிறிஸ்துராஜ் ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னார். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, மறுபடி முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தார்.