ஸ்ரீயின் வால்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். இங்கே ஸ்ரீ இல்லாமல் பத்திரிகை கிடையாது. ஊர்ப் பெயரே அதில்தான் தொடங்குகிறது. நான் பயன்படுத்திவந்த இலவச எழுத்துருவில் மற்ற எழுத்தெல்லாம் லட்சணமாக இருக்கும். ஸ்ரீ மட்டும் பட்டினி கிடந்ததுபோல் ஒடுங்கி நிற்கும். வேலை குறைந்த ஒரு மழைக்காலத்தில், எழுத்துருவைத் திருத்தும் மென்பொருளை இறக்கி, அந்த ஓர் எழுத்தை நானே புதிதாக வரைந்தேன். சுழியை அகலமாக்கி, வாலை இழுத்து, நுனியில் கிளிமூக்குபோல ஒரு வளைவு வைத்தேன்.

போன ஆவணியில் வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் வந்து, "இதே மாதிரி வேணும்" என்று ஒரு பத்திரிகையை மேசைமேல் வைத்தார். ராஜபாளையத்தில் ஒரு கடையில் செய்தது. உச்சியில் என் கிளிமூக்கு.

மறுநாள் பஸ் ஏறினேன். பேச வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கடைச் சுவரில் நிக்காஹ் பத்திரிகைகளும் கல்யாணப் பத்திரிகைகளும் கலந்து தொங்கின. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். "வாங்கக்கா" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"இந்த ஸ்ரீ நான் வரஞ்சது. ஒங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

அவர் மழுப்பவில்லை. "பிரஸ்ல குடுத்தாவக்கா. ஒங்க ஃபைலோட வந்திருக்கும்."

இருக்கலாம். இந்தப் பக்கத்துக் கடைகள் பலவும் ஒரே அச்சகத்துக்குத்தான் போகும்; அச்சுக்கு அனுப்பும்போது எழுத்துருவையும் சேர்த்துத்தான் அனுப்புவோம்.

"ஒரு வார்த்த கேக்காம எடுக்கலாமா?"

"கேட்டிருக்கணும்தான். மத்த எழுத்தெல்லாம் யாரு வரஞ்சதுக்கா?"

"அது இலவசம்."

"இலவசம்னா எம்புட்டுக்கு இலவசம்? படிச்சுப் பாத்திருக்கீயளா?"

பார்த்ததில்லை. 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவதோடு சரி. கேட்டால், அவரும் பார்த்ததில்லை.

அவர் கணினியில் எழுத்துரு இருந்த கோப்புறையிலேயே உரிம ஒப்பந்தமும் கிடந்தது. ஆங்கிலம். புரியாத சொல்லை அவர் போனில் தேடுவார், நான் வரியைச் சேர்த்து வாசிப்பேன். யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். தனியாக விற்கக் கூடாது. திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதுவும் இதே நிபந்தனைகளோடுதான் போக வேண்டும்.

"அப்ப ஒங்க ஸ்ரீய நான் எடுக்கலாமாக்கா?"

"எடுக்கலாம்னுதான் போட்டிருக்கு" என்றேன். சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. சண்டை போட வந்தவள், அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அவசரத்தில் இருந்தேன்.

அடுத்த வரி, திருத்திய எழுத்துரு பழைய பெயரில் உலவக் கூடாது என்றது. புதுப் பெயர் வைத்தாக வேண்டும். எங்கள் ஊர்ப் பெயரை நான் சொன்னேன்.

"ஒங்க ஊருப் பேர வச்சா எங்க ஊர்க்காரவிய தொட மாட்டாவ" என்றார்.

"ஒங்க ஊருப் பேர வச்சா நானே தொட மாட்டேன்."

கடைசியில் பிளவக்கல் என்று வைத்தோம். இரண்டு ஊர்க்காரர்களும் சுற்றுலா போகிற அணை. யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

கிளம்பும்போது, "செத்த இருங்கக்கா" என்று, அதே எழுத்துருவில் தான் செய்த திருத்தம் ஒன்றைக் காட்டினார். 'மூ'வின் சுழி கீழ்வரியின் புள்ளியை இடித்துக்கொண்டிருந்ததைச் சரிசெய்திருந்தார். என் கண்ணில் அது பட்டதே இல்லை. பென்டிரைவில் வாங்கிக்கொண்டேன்.

இன்றும் அவர் என் போட்டிக்காரர்தான். ஆனால் அன்றிலிருந்து எந்த மென்பொருளை நிறுவினாலும் ஒப்பந்தத்தைப் படிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. போன வாரம், பத்திரிகை வடிவமைக்க நான் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளின் ஒப்பந்தத்தைப் படித்தேன். இது உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே தரப்படுகிறது என்று இருந்தது.

வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "ஏட்டி, அப்ப நாம வாங்குனது என்னது?" என்றார்.

"இன்னும் பாதிதான் படிச்சிருக்கேன், பொறவு சொல்லுதேன்" என்றேன்.