திருச்சி வரைக்குமான எரிபொருள்

விமானம் கிளம்பலாம் என்று தரையிலிருந்து கையெழுத்துப் போட ஒரு ஆள் உண்டு. சென்னையில் ஒரு விமான நிறுவனத்தில் எனக்கு அந்த வேலை. வழி, வானிலை, எடை எல்லாம் பார்த்து எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கணக்கிட்டு ‘ரிலீஸ்’ போடுவேன். விமானியும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால்தான் விமானம் நகரும். வேலை நாட்களில் அங்கே மகளிர் விடுதி. மற்ற நாட்களில் விருத்தாசலத்தில், பீங்கான் ஆலையில் வேலை பார்க்கும் கணவரோடும் நடை பழகும் மகளோடும் இருப்பேன்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் விமானம் என் மேசைக்கே வந்தது. அக்கா மங்கலம்பேட்டையில் பிறந்தவர். “எங்க வூட்டுக்காரரு வர்ற ப்ளேனுக்கு நீதான் டீசலு ஊத்துவியாமே, பாத்து நெறைய ஊத்துடி” என்று போன வாரமே கிண்டல் செய்திருந்தார்.

நிறைய ஊற்ற முடியாது. சென்னை வரை பறக்க ஒரு அளவு, வழியில் கூடக்குறைய ஆனால் என்று கொஞ்சம், சென்னையில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குப் போக ஒரு அளவு, எல்லாவற்றுக்கும் அடியில் யாரும் தொடக் கூடாத அரை மணி நேரத்துக்கானது. இதுதான் விதி. இதற்கு மேல் ஊற்றினால் அந்த எடையைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். அதனால் காரணம் எழுத வேண்டும். பெங்களூரிலும் மழை சொல்லியிருந்ததால் மாற்று நிலையமாகத் திருச்சியை வைத்தேன். சென்னையில் பிற்பகல் இடிமழை வரலாம் என்றிருந்தது. வட்டமடித்துக் காத்திருக்க இருபது நிமிடத்துக்குக் கூடுதலாகச் சேர்த்து, காரணம் ‘இடிமழை’ என்று எழுதினேன்.

எழுதிய பிறகுதான் உறுத்தியது. வானிலையைப் பார்த்துச் சேர்த்தேனா, அக்காவை நினைத்துச் சேர்த்தேனா? அக்காவுக்காக என்றால், நேற்று நான் அனுப்பிய விமானத்தில் இருந்தவர்கள் யார் வீட்டுக்காரர்கள்? வானிலைக்காக என்றால், இருபது போதுமா? விமானி மறுப்பேதும் சொல்லவில்லை. அடுத்த ஷிஃப்டில் வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறினேன். செங்கல்பட்டு தாண்டும்போதே வானம் கறுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது அக்கா செல்போனோடு உள்ளே வந்தார். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலி அதில் இருந்தது.

“என்னடி இது, பம்பரமாட்டம் ஒரே எடத்துல சுத்திக்கிட்டே இருக்குது?”

“சென்னையில மழைக்கா. எல்லாத்தையும் காக்க வெச்சிருப்பாங்க. ஒண்ணும் இல்ல.”

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் என் இருபது நிமிடம் கரைவது எனக்குத் தெரியும். அது தீர்ந்ததும் விமானி திருச்சிக்குக் கிளம்பிவிட வேண்டும். மழை இதோ விட்டுவிடும், இன்னும் ஒரு சுற்று பார்ப்போம் என்று நினைத்தால் திருச்சிக்கு வைத்த எரிபொருளில் கை வைப்பார். அவர் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். பொறுமைசாலியா, பிடிவாதக்காரரா, தெரியாது.

“கையெழுத்து போட்டாச்சு இல்ல? அப்புறம் அது ஓட்டுறவரு பாடு. கொழந்த வாயப் பாத்து ஊட்டு, மூக்குல திணிக்கிற” என்றார் கணவர்.

திரையில் இன்னொரு வட்டம். பிறகு இன்னொன்று. என் கணக்கில் அதுதான் கடைசி.

“யா அல்லா! திரும்பிப் போவுதுடி! மெட்ராஸ வுட்டுட்டுப் போவுது!”

விமானத்தின் மூக்கு தெற்கே திரும்பியிருந்தது. கணக்குப்படியே கிளம்பிவிட்டார் விமானி.

“நான் வவுறு எரிஞ்சு நிக்கிறேன், நீ சிரிக்கிறியா?”

என் முகம் அப்படி ஆகியிருக்கும் போல. “இல்லக்கா. திருச்சிக்குப் போறாங்க. அதுக்குன்னு தனியா எண்ணெ இருக்குது.”

“இருக்குதுன்னு நீ பாத்தியா?”

“நாந்தான்க்கா போட்டேன்.”

சொல்லியிருக்கக் கூடாது. அக்கா என் கையைப் பார்த்தார், சோறு ஒட்டியிருந்த கையை. இனி ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியும். திருச்சியிலும் மழை பிடித்திருந்தால்? அங்கே மழை இல்லை என்றது காலையில் பார்த்த முன்னறிவிப்புதான். சிறிது நேரத்தில் மேகத்துக்கு மேலே ஒரு இரைச்சல் ஊரைக் கடந்து போனது. அக்கா தெருவுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தார். எதுவும் தெரியவில்லை. நான் எழவே இல்லை.

இறங்கிவிட்டது என்று அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. தொடக் கூடாத அரை மணி நேரத்தைத் தொடவில்லை.

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். “திருச்சின்னா நமக்குப் பக்கந்தானே? காரு எடுத்துக்கிட்டுப் போயி அழைச்சிட்டு வந்துடறோம்.”

“எறங்க வுட மாட்டாங்கக்கா. எண்ணெ ரொப்பிக்கிட்டு, மழை வுட்டதும் மறுபடி சென்னைக்குத்தான் போவும்.”

“மறுபடியுமா? அப்ப அதுக்கும் நீயே கையெழுத்து போட்டுடு. நீ போட்டா பயமில்ல.”

“இப்ப வேற ஆளுக்கா டூட்டியில.”

அவர் முகம் வாடியது. எனக்கோ, என் ஷிஃப்ட் இல்லை என்பதே நிம்மதியாக இருந்தது. அவர் போன பிறகு கையைக் கழுவிவிட்டு, சென்னைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள் என்று டூட்டியில் இருந்தவருக்கு ஒரு செய்தி அடித்தேன். அவர் வேலை அவருக்குத் தெரியும். அழித்தேன். தெரியுமா என்று சந்தேகம் வந்து மறுபடி அடித்தேன். மகள் கால்களைக் கட்டிக்கொண்டு நின்றாள். அனுப்பாமலே, அந்தச் செயலியை என் செல்போனிலும் இறக்கிக்கொண்டு, திருச்சியில் அசையாமல் நின்ற அந்தப் புள்ளியைப் பார்த்தபடி இருந்தேன்.