சவுசவு சந்தையின் ரக்பி வாய்

ஃபிஜித் தீவுகளில், சவுசவு ஊர்ச் சந்தையில் உனைசியின் கடைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிக் காது கொடுத்தால் போதும். எந்தப் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து, "அப்படி ஒரேயடியாச் சொல்லாதீங்கம்மா!" என்று கத்துகிறார்களோ அந்தப் பக்கம் போனால், மரவள்ளிக் குவியலுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். ஐம்பத்து நாலு வயது. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். மரவள்ளியும், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரும் விற்பது பிழைப்புக்கு. மற்றபடி அவள் வேலை ரக்பி பேசுவது.

சும்மா வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆளில்லை. எந்த ஆட்டக்காரன் எந்தத் தீவு, யாருடைய மருமகன், போன வருடம் எந்த முழங்காலில் அடிபட்டான், எவன் கோபம் வந்தால் கழுத்தில் கை போட்டு மஞ்சள் அட்டை வாங்குவான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "ஃபிஜி ஜெயிக்குமா?" என்று கேட்டால் முறைப்பாள்.

"ஜெயிக்குமான்னு கேக்காதே. எத்தனை புள்ளியிலன்னு கேளு."

தோற்ற நாட்கள் உண்டே என்றால், அதற்கென்ன, உண்டுதான். அன்றைக்குக் காற்று எதிர்த்து அடித்திருக்கும். இல்லை, பயிற்சியாளருக்குப் புத்தி பிசகியிருக்கும். தன் கணிப்பு தப்பியது என்று மட்டும் அவள் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இவ்வளவு பேசுகிறவள் ஃபிஜி அணி ஆடுவதை நேரில் பார்த்ததே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் உண்மை. மைதானம் தலைநகர் சுவாவில், வேறு தீவில் இருக்கிறது, நடுவில் கடல். ஒவ்வொரு தடவையும் கப்பலுக்குக் கிளம்பும்போது ஏதாவது ஒன்று வந்து காலைக் கட்டும். மகளுக்குப் பிரசவம், மாமியார் சாவு, புயல் எச்சரிக்கை. "டிவியில பார்க்கிறது ஒரு பார்வையா? பந்து இருக்கிற இடத்தைத்தான் காட்டுறான். பந்து இல்லாத பக்கம் எவன் ஓடுறான்னு பார்த்தாத்தானே ஆட்டம் புரியும்!" என்பாள். வெளியூர்க்காரன் யாராவது, "நீங்க எந்த ஆட்டத்தை நேர்ல பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டால், மரவள்ளியை எடுத்து மண்ணைத் தட்ட ஆரம்பிப்பாள்.

அந்த வருடம் பசிபிக் கோப்பையில் ஃபிஜிக்கும் டோங்காவுக்கும் அரையிறுதி, சுவாவில், சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை ஒரு வானொலி நிலையத்துக்காரர்கள் மைக்கோடு சந்தைக்கு வந்து இறங்கினார்கள். ரசிகர் இருவர் நேரலையில் மோத வேண்டும். ஒருவர் ஃபிஜிக்காக, ஒருவர் டோங்காவுக்காக. ஜெயிக்கிறவருக்குக் கப்பல் பயணமும் மைதானத்தில் ஓர் இருக்கையும் இனாம்.

உனைசி கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு ஓடினாள். முதல் பெயர் அவள் பெயர்தான்.

டோங்காவுக்காகப் பேச சவுசவுவில் யார் இருக்கிறார்கள்? ஒரே ஓர் ஆள். சந்தையின் மறுகோடியில் மீன் விற்கிற பெனையா. அவன் அம்மா டோங்காக்காரி. தாய்வழி ரத்தம் பேசாமல் இருக்குமா, அவன் பெயரும் பட்டியலில் ஏறியது. எழுதியது சைமோனி என்கிற அறிவிப்பாளன். சுவாவில் பிறந்து சுவாவிலேயே வளர்ந்தவன், கறுப்புக் கண்ணாடி போட்டவன். இரண்டு பெயரை எழுதினானே ஒழிய, இந்தப் பக்கத்தில் எவனும் முதலில் கேட்கிற கேள்வியை அவன் கேட்கவில்லை. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன முறை?

பெனையா, உனைசியின் சித்தப்பா மகன். சித்தப்பா மகனென்றால் தம்பிதான், கூடப் பிறந்தவனுக்கு ஒரு மாற்றுக் குறையாத தம்பி. அந்த ஊர் வழக்கப்படி வயது வந்த அக்காளும் தம்பியும் முகம் பார்த்துப் பேசக்கூடாது, ஒரே பாயில் உட்காரக்கூடாது, ஒருவர் பெயரை மற்றவர் சொல்லக்கூடாது. பகை ஒன்றுமில்லை, அது மரியாதை. ஒரே வீட்டில் வளர்ந்து, கடற்கரையில் துணிப்பந்தை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் மணலில் உருட்டியவர்கள்தான். அவளுக்குப் பதிமூன்று, அவனுக்குப் பதினொன்று ஆனபோது பெரியவர்கள் இனிப் போதும் என்றார்கள். அத்தோடு நின்றது பேச்சு. நாற்பத்தோரு வருடம். இவள் வீட்டு வாசலுக்கு அவன் மீன் வரும், அவன் வீட்டுக்கு இவள் மரவள்ளி போகும். வார்த்தை மட்டும் போகாது.

அதற்காக ரக்பிச் சண்டை நின்றுவிடுமா? பெனையாவின் மனைவி கெலெரா எதற்கு இருக்கிறாள்! ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்தால், கூடத்தின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் இவள், நடுவில் கெலெரா.

"கெலெரா, உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு. டோங்காக்காரனுக்கு உடம்பு இருக்கு, காலு எங்கே இருக்கு?"

"ஏய், உன் மதினிகிட்டச் சொல்லு. காலு இருந்து என்ன, தோளோட தோள் முட்டுற ஸ்க்ரம்ல தள்ளினா ஃபிஜிக்காரன் பின்னாடியேதானே ஓடுறான்!"

"ரெண்டு பேருக்கும் காது இருக்கில்ல? கேட்டாச்சில்ல? என்னைச் சோறு திங்க விடுங்க!" என்பாள் கெலெரா.

இப்படிப்பட்ட இருவரைத்தான் சைமோனி எதிரெதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். உனைசி தன் நாற்காலியைப் பஸ் நிறுத்தத்தைப் பார்க்கத் திருப்பிக்கொண்டாள். பெனையா தன்னுடையதை மீன் பெட்டிகளைப் பார்க்கத் திருப்பினான். சந்தையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஒருத்தராவது சைமோனியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டுமே, ம்ஹூம். இலவசமாகக் கிடைக்கிற வேடிக்கையை யார் கெடுப்பார்கள்?

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றான் சைமோனி.

"சண்டையெல்லாம் சனிக்கிழமை மைதானத்துல. நீ கேள்வியைக் கேளு மகனே."

கேட்டான். பிடித்துக்கொண்டது. "சமோவா இடிக்கும், ஜப்பான் ஓடும், டோங்கா இடிக்கத்தான் செய்யும், ஓடாது. நாங்க இடிப்போம், ஓடவும் ஓடுவோம். பன்னிரண்டு புள்ளி வித்தியாசம். எழுதி வச்சுக்கோ!" என்றாள் உனைசி. பெனையா மீனைப் பார்த்தபடியே, "தம்பி, அந்த மரவள்ளிக் கடை அம்மாகிட்டச் சொல்லு. ஓடறதுக்கு முதல்ல கையில பந்து வேணும். பந்து எங்ககிட்டத்தான் இருக்கும்" என்றான். "பந்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாராம், அடைகாக்கப் போறாராமா? கேளு மகனே!" சைமோனி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மைக்கை நீட்டி நீட்டித் தபால்காரனாகிவிட்டான். பஸ் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கடைசியில் சைமோனி கையை உயர்த்தினான். "இப்போதான் நிகழ்ச்சியோட உயிரே இருக்கு. முகத்துக்கு முகம் பார்த்து, ஒருத்தரை ஒருத்தர் ஒரே ஒரு கேள்வி கேக்கணும். கேக்காதவங்க தோத்தவங்க. அம்மா, நீங்க முதல்ல!"

சிரிப்பு சட்டென்று நின்றது.

உனைசியிடம் கேள்வியா இல்லை? கடைசி இருபது நிமிடத்தில் டோங்காக்காரன் மூச்சு வாங்குவானே, அப்போது யாரை இறக்கப் போகிறீர்கள்? இதற்கு டோங்கா மன்னரே வந்தாலும் பதில் கிடையாது. கேள்வி தொண்டை வரை வந்து நின்றது. முகத்தைத் திருப்பி ஒரே ஒரு வாக்கியம். சொல்லிவிட்டால் கப்பல், மைதானம், பந்து இல்லாத பக்கம் ஓடுகிற கால்கள், எல்லாம் அவளுடையது. ஆனால் தீவு முழுக்க வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறது. சொல்லிவிட்டால் அந்த மனிதன் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவான்? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆத்திரம் வேறு, துக்கம் வேறு.

"கேக்க மாட்டேன். சீட்டை அவருக்கே குடு" என்றாள்.

சைமோனி பெனையாவின் பக்கம் திரும்பினான். "அப்போ நீங்க கேளுங்க, ஜெயிச்சிரலாம்!"

பெனையா தலையை ஆட்டினான். "நானும் கேக்க மாட்டேன்."

சைமோனிக்கு வேர்த்தது. அப்போது நிலையத்துக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பை ஒலிபெருக்கியில் விட்டார்கள். தவெயுனித் தீவிலிருந்து ஒரு கிழவி.

"ஏண்டா, நீ எந்த ஊருடா? அக்காளையும் தம்பியையும் எதிரெதிரா உக்கார வச்சுக் கேள்வி கேளுங்கிறியே, உன்னைப் பெத்தவ உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலியா?"

"பாட்டி... அவங்க அக்கா தம்பின்னு எனக்கு..."

"அவங்க பேசற லட்சணத்துலயே எனக்கு இங்கே தெரியுது. பக்கத்துல உக்காந்திருக்கிற உனக்குத் தெரியல! மொதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டு!"

கண்ணாடி போட்டிருப்பது கிழவிக்கு எப்படித் தெரிந்ததோ, சைமோனி கழற்றிவிட்டான். இருவரிடமும் மன்னிப்புக் கேட்டான். பிறகு, சந்தையே தீர்ப்புச் சொல்லட்டும், யார் பெயருக்குச் சத்தம் அதிகமோ அவருக்கே இருக்கை என்றான்.

"ஃபிஜிச் சந்தையில ஃபிஜிக்கு ஓட்டுக் கேக்கறான். நல்ல நியாயம்டா!" என்று மீனிடம் முறையிட்டான் பெனையா. உனைசி பெயருக்கு எழுந்த கூச்சலில் கூரைமேல் இருந்த காக்கை குருவியெல்லாம் பறந்தது. பெனையாவின் பெயருக்கு ஒரே ஒரு குரல் வந்தது, அது பெனையாவின் குரல். கட்டிய மனைவி கெலெராகூட மதினிக்குத்தான் கத்தினாள்.

சனிக்கிழமை மதியம் உனைசி சுவா மைதானத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டக்காரர்கள் உள்ளே வந்ததும் அழுதுவிட்டாள். பக்கத்தில் இருந்தவர், "என்னம்மா, உங்க மகன் ஆடறானா?" என்று கேட்டார். "பதினைஞ்சு பேரும்" என்றாள்.

ஊரில் வியாழக்கிழமைக் காற்றுக்கு மரம் விழுந்து மின்கம்பி அறுந்து கிடந்தது. டிவி இல்லை, வானொலிக்கு பேட்டரி கடையில் தீர்ந்துவிட்டது. அதனால் கெலெரா தன் கைபேசியைச் சத்தமாக வைத்து தன் வீட்டு மேசைமேல் வைத்துக்கொள்ள, மைதானத்திலிருந்து உனைசிதான் வர்ணனை. வர்ணனையா அது! நடுவரைத் திட்டினாள், பயிற்சியாளரைத் திட்டினாள், முன்வரிசையில் எழுந்து நின்றவனைத் திட்டினாள். "கெலெரா, இடது ஓரத்துல ஒருத்தன் தனியா நிக்கிறான், பந்து இன்னும் அவன்கிட்டப் போகலை, இப்போ போகும் பாரு... போயிருச்சு! கோட்டைத் தாண்டி வச்சுட்டான், ட்ரை! ட்ரை! சொல்லு உன் வீட்டுக்காரர்கிட்ட!"

"சொல்ல வேண்டியதில்லை மதினி, முகத்தைத் தூக்கி வச்சிருக்காரு" என்று சிரித்தாள் கெலெரா.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், "மதினி, அடுப்புல மீன் கருகுது, இதோ வந்துடறேன்" என்ற குரல் கேட்டது. காலடிச் சத்தம், கதவுச் சத்தம். திரும்பி வரவில்லை. ஆனால் மேசைப் பக்கம் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. கனத்த மூச்சு, வயதான மூச்சு.

உனைசிக்கு அது யாரென்று தெரிந்துவிட்டது. துண்டித்துவிடலாம். துண்டிப்பதுதான் முறை. மைதானத்தில் பந்து கைமாறியது. அவள் ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு, இல்லாத கெலெராவிடம் பேச ஆரம்பித்தாள்.

"கேட்டுக்கோ கெலெரா. டோங்கா பந்து. தள்ளுறாங்க. நம்ம பையன் ஒருத்தன் கீழே விழுந்துட்டான், எந்திரிச்சுட்டான்." இப்போது கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். முப்பது நிமிடம் சொன்னாள். டோங்கா தடுத்தால் அந்தப் பக்கம் மேசையில் ஒரு தட்டுக் கேட்கும். ஃபிஜி முன்னேறினால் ஒரு செருமல். மூச்சு மட்டும் விலகவேயில்லை.

கடைசி நிமிடத்தில் ஃபிஜி ஐந்து புள்ளி முன்னால் இருந்தது. டோங்காவின் பெருத்த முன்வரிசைக்காரன் ஒருத்தன் மூச்சு வாங்கவில்லை. மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தான், ஐந்து புள்ளி, ஆட்டம் சமம். அடுத்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, இன்னும் இரண்டு. ஆட்டம் முடிந்தது. மைதானம் செத்த வீடானது.

இணைப்பு போய்விட்டது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் தப்பவில்லை.

"கெலெரா, உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு. ரெண்டு புள்ளியில டோங்கா ஜெயிச்சிருச்சு. நான் சொன்னது தப்பு. அவங்க நல்லா ஆடினாங்க."

அந்தப் பக்கம் நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் ஆண் குரல் வந்தது. நாற்பத்தோரு வருடத்துக்கு முன் மணலில் கேட்டபோது அது சின்னப் பையன் குரலாக இருந்தது.

"சரிங்க. அவர் வந்ததும் சொல்லிடறேன்."

உனைசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானை இல்லாத ஊரில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உலகக் கோப்பையில பன்னிரண்டு புள்ளியில ஜெயிப்போம். அதையும் சொல்லிடுங்க."

"அதை அவர் நம்ப மாட்டாருங்க," என்றது குரல். "இருந்தாலும் சொல்லிடறேன்."