அப்பாவின் கை நடுங்கவில்லை

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல, அப்பாவுக்காகப் பழைய வேன் ஒன்றை வாங்கினேன். இரண்டாம் வாரமே, "சிக்னல்ல நின்னா ஸ்டீரிங் ஒதறுதுப்பா. வண்டில இன்னாவோ கீது" என்றார். பார்த்துப் பார்த்து வாங்கியவன் நான். ஏமாந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "வண்டி நல்லாத்தான் இருக்கு. உன் கைதான் நடுங்குதுப்பா. வயசாகுதில்ல?" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். நான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு இல்லை. மறுநாளே சாவியை நீட்டினார். "புள்ளைங்க ஏறுற வண்டி. நடுங்குற கையில வேணாம்." அதன்பின் டீ டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்தார்.

அவருக்குப் பதில் நான் ஓட்டிய முதல் நாளே எனக்கும் ஸ்டீரிங் உதறியது. வெட்கத்தில் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் ஓட்டினேன். பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். பிரேக்கை மிதித்தபடி கியர் போட்டு, கிளட்சை லேசாக விடச் சொன்னார். எஞ்சின் எகிறியது.

"எஞ்சினைத் தாங்குற மவுண்ட் ரப்பர் கிழிஞ்சி தொங்குது சார். ஓட்டினவரு சொல்லலியா?"

"சொன்னாரு" என்றேன்.

மவுண்டுகளை மாற்றியதும் உதறல் நின்றது. வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். அப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலை. இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டி, "நல்லா பாத்து சொல்லுப்பா, நடுங்கலையே?" என்றார்.

இப்போதும் வண்டியை எடுக்கும்முன் தினமும் கேட்கிறார். தன் கையை நம்புவதற்கு அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.