எறும்பு தூக்கிய தையலம்மாள்

பாகூர் கடைத்தெருவில் யாராவது ஒரு சாமியாரைப் பற்றிப் பயபக்தியோடு பேச்செடுத்தால், பக்கத்தில் தையலம்மாள் நிற்கிறாளா என்று முதலில் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். நின்றால் அவ்வளவுதான். "நான்கூட ஒரு காலத்துல மிதந்தவதான், தெரியுமில்ல?" என்று ஆரம்பித்துவிடுவாள். கத்தரிக்காய் வாங்க வந்தவர்கள் கத்தரிக்காயை மறந்துவிடுவார்கள். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்.

தையலம்மாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாட்டசாட்டமான உடம்பு. கணவர் சிவப்பிரகாசம் ஏரிக்குத் தெற்கே நெல்லும் கரும்பும் வைக்கிறவர். கரும்போடு பேசுவாரே தவிர, மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் கல்பனாவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் மிக்ஸி ஓடினால்தான் சத்தம் என்றாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் கடலூர் பஸ்ஸில் ஏறினாள். சீட்டில் உட்கார்ந்தவளைப் பார்த்துக் கண்டக்டர், "யம்மா, உனுக்கு ரெண்டு டிக்கெட் கிழிக்கட்டா?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. தையலம்மாளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது விஜயராணி ஒரு நோட்டீசோடு நின்றுகொண்டிருந்தாள். விஜயராணி கொழுந்தன் பெண்டாட்டி, ஓரகத்தி முறை. அடுத்த வீடு. குச்சி மாதிரி உடம்பு. ஆனால் எந்நேரமும் எதையோ தலையில் சுமப்பவள் போலக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டுதான் நடப்பாள்.

"அக்கா, இத்தப் படிச்சியா? உடல் பாரம், உள்ளப் பாரம், ரெண்டும் நீங்குமாம். கடைசியில ஆளே அந்தரத்துல மிதக்கலாமாம்."

"மிதந்து?"

"மிதந்துக்கினு இருக்கலாம்க்கா. வேற இன்னா?"

அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருப்பதாகத் தையலம்மாளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

சபையின் பெயர் இலகு நிலை ஞான சபை. குருவின் பெயர் இலகுவானந்தர். ஊர் வாயில் அது நுழையாமல் லேசு சாமி என்றாகிவிட்டது. அவருடைய பழைய பெயர் வீரப்பன். சேதராப்பட்டுப் பக்கம் லாரி எடை போடும் மேடையில் வேலை பார்த்தவராம். பாரம் ஏற்றிய லாரி, பாரம் இறக்கிய லாரி என்று வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து, மனிதனும் ஒரு லாரிதான் என்று ஒருநாள் அவருக்கு ஞானம் பிறந்ததாம். ஏரிக்கரை ஓரம் காலியாகக் கிடந்த கோழிப்பண்ணைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, தரை முழுக்க இலவம்பஞ்சு மெத்தைகளைப் போட்டிருந்தார். பழைய கோழிகளின் இறகு ஒன்றிரண்டு கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றடித்தால் ஒன்று மெல்ல இறங்கி யார் தலையிலாவது உட்காரும். உட்கார்ந்தவருக்கு அன்றைக்கு அருள் இறங்கிவிட்டதாகக் கணக்கு.

பயிற்சி எளிது. மெத்தையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, "லேசு, லேசு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்த வாக்கில் எம்ப வேண்டும். குரு எதைச் சொன்னாலும் கூட்டம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சாப்பாட்டிலும் விதி உண்டு. மண்ணுக்குள் விளைவதெல்லாம் கனம் என்பதால் கிழங்கு, முள்ளங்கி, இஞ்சி, வேர்க்கடலை எல்லாவற்றுக்கும் தடை. கொடியில் தொங்குவது எதுவானாலும் சாப்பிடலாம்.

தையலம்மாள் முதல் வாரமே கையைத் தூக்கினாள். "சாமி, அப்போ பூசணிக்காய் லேசா?"

லேசு சாமி கண்ணை மூடித் திறந்தார். "அம்மா, கேள்வியும் கனம்."

"கேள்வியும் கனம்!" என்றது கூட்டம். தையலம்மாள் கையை இறக்கிவிட்டாள்.

சொல்லப்போனால் அங்கே போவது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கொட்டகை நிறையப் பெண்கள், சிரித்த முகங்கள், "வாம்மா" என்ற வரவேற்பு. அவள் உட்கார்ந்தால் யாரும் இடத்தை அளந்து பார்ப்பதில்லை. வீட்டிலும் சொந்த முயற்சியாகக் கட்டில்மேல் எம்பிப் பார்த்தாள். மத்தியானத் தூக்கத்தில் இருந்த சிவப்பிரகாசம், டமார் என்ற சத்தம் கேட்டு எழுந்து ஓடி வந்தார். கட்டில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. நடுவில் சம்மணம் கலையாமல் அவர் மனைவி.

"இன்னாமே, மிதந்தியா?"

"மிதந்தன். எறங்கும்போதுதான் ஒடஞ்சிபோச்சி."

அவர் தச்சரைக் கூப்பிடப் போனார்.

அப்புறம் வந்தது அந்த வெள்ளிக்கிழமை. கொட்டகையில் எல்லோரும் கண்ணை மூடி "லேசு, லேசு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, தையலம்மாளின் தொடையில் ஒரு கட்டெறும்பு பல்லைப் பதித்தது. சாதாரணக் கடி இல்லை. பிறந்ததிலிருந்து அதற்காகவே காத்திருந்த எறும்பின் கடி. அவள் "ஐயய்யோ!" என்று ஒரு கத்தல் கத்தி, போட்ட சம்மணத்தோடு அப்படியே மேலே போய் வந்தாள். மெத்தை வெடித்து இலவம்பஞ்சு கொட்டகை முழுக்கப் பறந்தது. கண்ணைத் திறந்தவர்களுக்கு வெண்மேகத்துக்கு நடுவே தையலம்மாள்தான் தெரிந்தாள்.

"மிதந்துட்டாங்க! தையலம்மா மிதந்துட்டாங்க!"

"அடச்சே, எறும்புடி! எறும்பு கடிச்சிடுச்சி!" என்று அவள் தொடையைத் தேய்த்துக்கொண்டே கத்தினாள். கூட்டம் குருவைப் பார்த்தது. லேசு சாமி கண்ணை மூடித் திறந்தார். பிறகு உருக்கமாகச் சொன்னார்: "எறும்பு தன்னைவிடப் பல மடங்கு கனத்தைத் தூக்கும் ஜீவன். அம்மாவைத் தூக்க அதுவே வந்திருக்கிறது."

"அதுவே வந்திருக்கிறது!"

அன்றிலிருந்து தையலம்மாள் மிதந்தம்மா ஆகிவிட்டாள். அவள் எழும்பிய உயரம் அன்று சாயங்காலம் ஒரு சாண் இருந்தது. உறுவையாறு போய்ச் சேர்வதற்குள் முழமாகி, கிருமாம்பாக்கத்தில் ஆள் உயரத்தைத் தொட்டுவிட்டது. காலில் விழுந்தார்கள். கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டு எடுத்தார்கள். அவளுக்கென்று குருவின் மேடைக்குப் பக்கத்திலேயே தனி மெத்தை போடப்பட்டது. "எறும்புதாம்மா, சத்தியமா எறும்புதான்" என்று அவள் சொல்லச் சொல்ல, "எவ்ளோ அடக்கம் பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சில வாரம் அதுவும் சுகமாகத்தான் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று, உண்மையிலேயே கொஞ்சம் மிதந்திருப்போமோ என்றுகூட ஒருநாள் யோசித்துப் பார்த்தாள்.

ஆனால் மிதந்தம்மாவாக இருப்பது லேசான வேலை இல்லை. தும்மினால் அர்த்தம் கேட்டார்கள். வாயு பிரிந்தாலும் குறிப்பெடுத்தார்கள். ஒருநாள் தாங்க முடியாமல், எல்லோர் கண்ணெதிரிலும் முந்தானையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உடைத்து உடைத்துத் தின்றாள். இதோடு துரத்திவிடுவார்கள், நிம்மதி என்று நினைத்தாள். "மண்ணுக்குள்ள இருந்ததுக்கும் விடுதலை குடுக்குறாங்க" என்றாள் ஒருத்தி. விஜயராணி அழுதேவிட்டாள்.

"ஏண்டி ராணி, உனுக்குமா புத்தி இல்ல? நான் கடலை துன்றன்டி!"

"உனுக்கு இன்னாக்கா, நீ மேல போயிட்ட. நான்தான் கீழயே கெடக்கறன்."

அதைக் கேட்டுத் தையலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே என்னவோ போலவும் இருந்தது. இவளை இங்கே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மேலும் சில மாதம் போய்வந்தாள்.

இதற்கிடையில் பக்தர்களுக்கு எறும்பின்மேல் பக்தி முற்றிவிட்டது. கரும்பு விளைகிற ஊரில் வெல்லத்துக்கா பஞ்சம்? வருகிறவர்களெல்லாம் கொட்டகை மூலைகளில் அச்சு வெல்லம் வைத்தார்கள், சர்க்கரை தூவினார்கள், கரும்புப் பாலை ஊற்றினார்கள். எறும்புகளும் சொந்தபந்தங்களுக்குச் சொல்லி அனுப்பிக் குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டன. சுவரோரம் கறுப்பு நாடா ஒட்டியது போல வரிசை. "சாமி, மருந்து அடிச்சிடலாம்" என்று தையலம்மாள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். லேசு சாமி புன்னகைத்தார்.

ஆண்டு விழா வந்தது. கொட்டகை நிரம்பி வாசல் வரை கூட்டம். மைக் செட், சீரியல் விளக்கு, மேடையருகே அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல். லேசு சாமி மெத்தையில் அமர்ந்து மைக்கைப் பிடித்தார். "இன்று எல்லோரும் லேசாவோம்!"

"எல்லோரும் லேசாவோம்!"

முதலில் லேசானவன் மைக் செட்காரன். ஒயரை மிதித்துக்கொண்டு குதித்தான். பிறகு முன்வரிசையில் ஒரு தாத்தா, அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், அதற்கடுத்து வரிசை வரிசையாக. ஆ, ஊ என்ற கூச்சலும் கைதட்டலும் ஆனந்தக் கண்ணீருமாகக் கொட்டகையே எம்பி எம்பி விழுந்தது. "ஆஹா! பாருங்கள், எப்படி எழும்புகிறார்கள்!" என்று மைக்கில் முழங்கிய லேசு சாமி, அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் தாமே எழும்பினார். நியாயமாகச் சொன்னால் எல்லோரையும்விட உயரமாக எழும்பியது அவர்தான். இறங்கும்போதுதான் கணக்குத் தப்பி, மெத்தையின் ஓரத்தில் ஒருக்களித்து விழுந்தார்.

"ஐயோ, இடுப்பு!" என்றார் மைக்கில்.

"ஐயோ, இடுப்பு!" என்றது கூட்டம்.

"யாராவது தூக்குங்களேன்!"

"யாராவது தூக்குங்களேன்!"

தையலம்மாளுக்கு உள்ளே ஏதோ ஒரு பூட்டு உடைந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். உடம்பு குலுங்க, கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு வாசலைப் பார்த்து நடந்தாள். யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். விஜயராணி! முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா, நானும் மிதந்துட்டன்க்கா! எல்லாரும் கை தட்டுனாங்க, பாத்தியா?"

தையலம்மாள் சிரிப்பை அடக்க முடியாமலேயே குனிந்து, விஜயராணியின் புடவைக் கொசுவத்தில் தொங்கிக்கொண்டிருந்த கட்டெறும்பைக் கிள்ளி எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "தோ பாரு, உன்னத் தூக்குனவரு."

விஜயராணியின் முகம் செத்துப்போயிற்று. கையை உதறினாள். "உனுக்குப் பொறாமக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

லேசு சாமியை ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றுவதற்குள் வண்டிக்காரருக்கு மூச்சு வாங்கிவிட்டது. "பேரு லேசு சாமி. இன்னா கனம் கனக்கறாரு!" என்றார். அங்கிருந்து எண்ணெய் வைத்தியத்துக்குக் கேரளா போன குரு, இடுப்பு சரியான பிறகும் திரும்பி வரவில்லை. சபை மெல்லக் கலைந்தது. யாரும் யாரையும் அம்பலப்படுத்தவில்லை, போலீஸ் வரவில்லை, பேப்பரில் போடவில்லை. முழங்கால் வலி என்றார்கள் பாதிப் பேர். நடவு வேலை என்றார்கள் மீதிப் பேர். கொட்டகைக்காரர் மறுபடியும் கோழி விட்டார்.

விஜயராணி மட்டும் பேசவில்லை. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்மல் கேட்கும். மோட்டார் போடுவதிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாச் சேதியும் அண்ணன் தம்பி வழியாகத்தான் போய்வந்தது. அவள் கோபத்தைவிட, அவ்வளவு பேசாத சிவப்பிரகாசம் தினமும் தூது போக வேண்டியிருந்ததுதான் ஊருக்கு ஆச்சரியம். தையலம்மாள் கடைத்தெருவில் எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டு வீட்டுக்கு வருவாள். சுவரருகே வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். எறும்பைக் காட்டியிருக்க வேண்டாமோ என்று தோன்றும். காட்டாமல் எப்படி இருப்பது என்றும் தோன்றும்.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில் வாசலில் ஹாரன் சத்தம். விஜயராணி ஒரு புது ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தாள். மகன் வாங்கி அனுப்பியதாம். எப்போதும் சுருங்கியிருக்கும் கழுத்து நீண்டிருந்தது.

"அக்கா, பின்னாடி ஏறு. கிருமாம்பாக்கம் போய் மீன் வாங்கிக்கினு வந்துடலாம்."

"நானா? டயரு தாங்குமாடி?"

"ஏறுக்கா. தனியா ஓட்ட பயமா கீது."

தையலம்மாள் ஏறினாள். வண்டி ஒருமுறை முனகி, ஒருமுறை ஆடி, பிறகு நேராகிப் புறப்பட்டது. இருபக்கமும் கரும்பு.  மதகைத் தாண்டியதும் விஜயராணி திரும்பாமலேயே சொன்னாள்:

"அது எறும்புன்னு எனக்கும் தெரியும்க்கா. கடி வாங்குனவளுக்குத் தெரியாதா? ஆனா அதுவரைக்கும் யாரும் எனக்குக் கை தட்டுனதே இல்லக்கா. என் கண்ணாலத்துல கூட எல்லாரும் பந்தியத்தான் பாத்துக்கினு இருந்தாங்க."

  தையலம்மாள் பிடித்திருந்த இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, ஓடுகிற வண்டியில், படபடவென்று கை தட்டினாள். வண்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது.

"ஐயோ, புடிச்சிக்கோக்கா! புடிச்சிக்கோ!"

"நீ ஓட்டுடி! நீ ஓட்டு!"

கிருமாம்பாக்கம் மெயின் ரோடு வந்தது. கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மீன் கடை வந்தது. மீன் கடை பின்னால் போயிற்று.

"ராணி, நிறுத்துடி, கடை போயிடுச்சி!"

"அக்கா," என்றாள் விஜயராணி, "நிறுத்தறதுக்கு எந்தப் பிரேக்கப் புடிக்கணும்க்கா?"

தையலம்மாளுக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும், வந்த சிரிப்பில் சொல்லியிருக்க முடியாது.