புளி போட்டு விளக்கிய சாமி

ராக்கம்மா வளைகுடாவில், மங்காஃபில், அந்த வீட்டு வேலைக்கு வந்து நாலு வருசமாகிவிட்டது. இரண்டாயிரத்து நாலில்தான் முதல் லீவு கிடைத்தது. மகள் உமாராணிக்குத் தலைப்பிரசவம். ஊரில் பக்கத்தில் நிற்க வேறு நாதியில்லை. வியாழக்கிழமை விமானம். பாஸ்போர்ட் மட்டும் வீட்டு முதலாளி பாபாவின் இரும்பு அலமாரியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, "எல்லாத்தையும் துடைச்சு வை" எனச் சொல்லிவிட்டு மேடம் கடைக்குப் போனாள். பாபாவின் கண்ணாடிப் பெட்டி அன்றைக்குப் பூட்டாமல் கிடந்தது. உள்ளே ஒரு சாண் உயர வெண்கலப் பொம்மை, உடம்பெல்லாம் களிம்பு. போகிற நேரத்தில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போவோமே என்று, புளியும் உப்பும் போட்டு இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தாள். குத்துவிளக்கு மாதிரி பளிச்சென்று வந்தது.

டீ குடிக்க வந்த டிரைவர் கௌஸ் முகைதீன், கீழக்கரைக்காரன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"ஏன் தம்பி? நாலு வருசமா கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

"லெபனான் மண்ணுக்குள்ள மூவாயிரம் வருசம் கிடந்த சாமிக்கா இது. கூம்புத் தொப்பி எகிப்துக்காரன்கிட்டப் பார்த்துச் செஞ்சது, குச்சி உடம்பும் பெரிய கண்ணும் அந்தக் கடற்கரை ஆளுங்க கைவேலைன்னு பாபா வர்றவங்களுக்கெல்லாம் பாடம் நடத்துவாரு. அந்தப் பச்சைதான் அதுக்கு மதிப்பே. ஆமா, முகத்துல தங்க ரேக்கு இருந்துச்சே, எங்க?"

ராக்கம்மா தொட்டிச் சல்லடைக்குள் கையை விட்டுப் புளிச்சக்கையை அள்ளித் தட்டில் பரப்பினாள். நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்கு அகப்பட்டது. அவ்வளவுதான்.

மோர் பட்டால் களிம்பு ஏறும் என்று அவளுக்குத் தெரியும். உப்பு மோரைப் பூசி மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். பிறந்ததிலிருந்து பாத்திரத்தில் களிம்பு பிடிக்காமல் காவல் காத்தவள், "பிடிச்சிரு சாமி, பிடிச்சிரு" என்று பக்கத்தில் குந்திக் கெஞ்சினாள். மூவாயிரம் வருசத்தைத் திருப்பிக் கொண்டுவர, பாபா வீடு திரும்பும் அசர் பாங்கு, பிற்பகல் தொழுகை அழைப்பு, வரைக்கும்தான் நேரம்.

பாங்கு சொன்னார்கள். அக்குளில் மட்டும் பாசி போல ஒரு வெளிர்ப்பச்சை.

"நான் கை தவறிப் போட்டுட்டேன்னு சொல்லட்டுமாக்கா?"

"கை தவறி விழுந்தா பளபளக்குமாய்யா?"

அவளே கொண்டுபோய் நீட்டினாள். தெரிந்த அரபியில், அழுக்கென்று நினைத்துக் கழுவிவிட்டேன் என்றாள். பாபா பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கத் துணுக்கை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

"வியாழக்கிழமை விமானம், பாபா. மகளுக்குப் பிள்ளை."

"கலாஸ்," என்றார். முடிந்தது, அவ்வளவுதான் என்று அர்த்தம்.

பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றினார். இரும்பு அலமாரியைத் திறந்து, அவளுடைய பாஸ்போர்ட்டின் மேலேயே அதைக் கிடத்திப் பூட்டினார். சாவி அங்கிப்பைக்குள் போயிற்று.

"பாபா, வியாழக்கிழமை..."

வாசலில் விருந்தாளிகளின் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

"கஹ்வா கொண்டு வா," என்றார்.