செஞ்சியில் ஒரு பென்டிரைவும் இரண்டு மனைப் பட்டியல்களும்

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை செஞ்சிக்குப் போனேன். பனமலைப் பக்கத்து ஊரிலிருந்து லூர்துமேரி என்ற வாசகர் அழைத்திருந்தார். அரசு கொடுத்த 17ஆம் எண் மனையில் சுவர்கூட எழுப்பிவிட்டார். ஊரில் ஒட்டிய புதுப் பட்டியலிலோ 17க்கு நேரே அமுதா என்று வேறு பெயர். ஆட்சேபம் தர அன்று மாலை ஐந்து மணியே கடைசி.

திண்டிவனத்திலிருந்து 28 கிலோமீட்டர். பேருந்தில் 50 நிமிடம், 30 ரூபாய். கோட்டையை ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி. பகல் 1.40க்குப் பேருந்து நிலையம் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் அவரைச் சந்தித்தேன்.

மடிக்கணினியை நான் சுமப்பதில்லை. இரண்டு எக்செல் கோப்புகளை ஒப்பிட்டு, மாறிய கட்டங்களுக்கு நிறம் பூசிக் காட்டும் மென்பொருள் என் பென்டிரைவில் இருக்கிறது. கணினியில் நிறுவ வேண்டாம். செருகி, அதிலிருந்தே ஓட்டலாம். லூர்துமேரி மகன் மின்னஞ்சலில் அனுப்பிய பழைய, புதிய பட்டியல்களையும் அதிலேயே போட்டிருந்தேன்.

கடை நடத்தும் கலைவாணி தயங்கினார். “வைரஸ் கிரஸ் வந்துட்டா எம் பொழப்பு போச்சி சார். இருங்க, ஸ்கேன் பண்ணிட்றேன்.” நான்கு நிமிடம் கழித்துத் தன் நாற்காலியையே கொடுத்தார்.

ஒப்பிட்டதும் பெயர் நெடுவரிசை முழுக்க மஞ்சளானது. மனை எண், கணவர் பெயர் எதுவும் மாறவில்லை.

லூர்துமேரி எட்டிப் பார்த்தார். “அய்யய்யோ, எங்க வூட்டுக்காரர அமுதாவுக்குக் கட்டி வெச்சிட்டாங்களே!”

சிரித்தது நானும் அவரும்தான். கலைவாணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், இத அடிச்சிக் குடுத்தது நான்தான். ஆபீஸ்ல அகர வரிசையில கேட்டாங்க. பேர மட்டும் செலக்ட் பண்ணி வரிசப்படுத்திட்டேன் போல.” பெயர்கள் மட்டும் இடம் மாற, மற்றவை அப்படியே நின்றுவிட்டன.

“ஒரு வாரமா பஞ்சாயத்துத் தலைவரக் கண்டமேனிக்குத் திட்டிட்டேனேம்மா! ஃபாதர்கிட்ட இன்னான்னு பாவசங்கீர்த்தனம் பண்றது?” என்றார் லூர்துமேரி.

கலைவாணி ஷட்டரை இழுத்துவிட்டு எங்களோடு ஆட்டோவில் ஏறினார், 60 ரூபாய். தாலுகா அலுவலகத்தில் எங்கள் ஆட்சேப மனுவோடு, தன் தவறு என்று அவரே எழுதிக் கொடுத்தார். 4.20க்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. மறுவாரம் 17க்கு நேரே லூர்துமேரி பெயர் வந்துவிட்டது.

இப்படிக் கிளம்புபவர்களுக்கு: மூலக் கோப்பைத் தொடாமல் நகலை ஒப்பிடுங்கள். எல்லா நெடுவரிசைகளையும் பாருங்கள். பிறர் கணினியில் கேட்டுவிட்டே செருகுங்கள். அதில் எதையும் விட்டு வராதீர்கள்.

நாங்கள் இருவர் மட்டும் போயிருந்தால் விசாரணைக்கு எழுதியிருப்பார்கள். அது எத்தனை மாதம் ஓடும் என்பது நிருபராக இருந்த எனக்குத் தெரியும். செஞ்சியில் உங்களுக்குத் தட்டச்சு வேலை ஏதும் இருந்தால் கலைவாணியிடமே கொடுங்கள்.